மூன்றாவது சுற்று

கிருனா, ஜனவரி 14

ரக்ன்ஹில்டுக்கு,

அக்கா என்று எழுதப் போன கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

இனிமேல் எனக்குப் போன் செய்யாதே. இந்த வீட்டில் நடைக்கு ஒரே ஒரு போன். மணி அடித்தால் வீட்டுக்காரம்மா எடுத்து, "இங்கேலா, உங்க அக்கா!" என்று மாடி வரைக்கும் கத்துகிறாள். நான் இல்லை என்று சொல்லச் சொன்னால், "தான் இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்று அப்படியே உன்னிடம் சொல்லியும் விடுகிறாள். எனக்குத்தான் மானம் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை, பனியில் சறுக்கி ஓடிச் சுடுகிற போட்டியில் நடந்தது உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. படுத்துச் சுட்டதில் ஐந்துக்கு ஐந்து. நின்று சுட்டதில் மூன்று தவறிப்போனது. ஒரு குண்டு தவறினால் நூற்றைம்பது மீட்டர் தண்டனைச் சுற்று ஒன்று. மூன்று தவறினால் மூன்று. மூன்றும் சுற்றிவிட்டுத்தான் கடைசித் தடத்துக்குப் போனேன். அப்படியும் இரண்டாவதாக வந்தேன், நம் ஊர்த் தடத்தில், நம் ஊர்ச் சனங்கள் பார்க்க.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் நடுவர் கிழவர் காகிதத்தை நீட்டுகிறார். தண்டனைச் சுற்றில் அட்டையும் பென்சிலுமாக எண்ணிக்கொண்டு நின்றவள் என் எண்ணுக்கு நேரே இரண்டே கோடு போட்டிருக்கிறாள். விட்ட சுற்றுக்கு இரண்டு நிமிடம் சேர்த்தார்கள். இரண்டாம் இடத்தில் இருந்தவள் பதினான்காம் இடம்.

"நல்லாப் பாத்தியாம்மா?" என்று அவர் உன்னைக் கேட்டார்.

"பாத்தேன். ரெண்டு."

"உறுதிதானே?"

"உறுதி."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பின்லாந்தில் நடக்கிற உலகப் போட்டிக்கு நான்கு பெண்களுக்கு இடம் இருந்தது. பயிற்சியாளர் டோர்வால்ட் மூன்று பேர் பெயரைத்தான் படித்தார். நான்காவதாக நிற்கிற தகுதி யாருக்கும் வரவில்லையாம். எனக்கு இருபத்தேழு வயது. இந்தப் பனிக்காலம் போனால் அடுத்தது என்று எனக்கு ஒன்று உண்டோ இல்லையோ.

நீ பின்னிக் கொடுத்த கையுறையைத் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு வேண்டாம்.

இங்கேலா


கிரான்வீக், ஜனவரி 20

இங்கேலா,

கையுறை வந்தது. திரும்ப இதனுடன் அனுப்புகிறேன். அங்கே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு டிகிரி குளிர் என்று ரேடியோ சொல்கிறது. கோபத்துக்குக் கை மரத்துப் போகாது, குளிருக்குப் போகும். விரல் போனால் துப்பாக்கியை எதைக் கொண்டு அழுத்துவாய்?

நான் பார்த்ததை எழுதினேன். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மாய்ரோஸ் நேற்றுக் கன்று போட்டது. கிடேரி. உன் அத்தான் எவர்ட்டுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் இழுத்துப் போட்டது நான்தான். கடைக்குப் போனால் ஹெல்மர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. காபித் தூளை நிறுத்துக்கொண்டே, "ஏம்மா, உங்க வீட்டுல எண்ணத் தெரிஞ்சவ யாரு, அக்காவா தங்கச்சியா?" என்கிறான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சறுக்குக் கழகத்துச் செயலாளரே இப்படிப் பேசினால் மற்றவர்களைக் கேட்பானேன்.

உன் கட்டில் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். தூசிக்காகத்தான்.

ரக்ன்ஹில்ட்


கிருனா, ஜனவரி 27

அக்கா,

பார், எழுதியே விட்டேன். பழக்கம்.

"பார்த்ததை எழுதினேன்." எத்தனை முறை சொல்வாய்? நீ சொன்னால் அது கல்லில் வெட்டின எழுத்து. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. பள்ளிக்கூடத்தில், பால் வண்டிக்காரனிடத்தில், தேவாலயத்துக் குழுவில் எல்லாம், ரக்ன்ஹில்ட் சொல்லிட்டாளா, அப்ப சரி. உன்னை ஒருத்தரும் ஒரு முறையும் மறித்துக் கேட்டதில்லை. தங்கச்சி வாழ்க்கை போனாலும் பரவாயில்லை, உன் பேச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதானே?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு தூங்க முடியவில்லை. எனக்குச் சுடச் சொல்லிக் கொடுத்தது நீ. என்னைவிட நன்றாகச் சுடுவாய், ஊருக்கே தெரியும். உனக்கு இருபது வயதில் பெண்களுக்கு இந்தப் போட்டியே கிடையாது. ஆண்களுக்குக் காபி ஊற்றத்தான் உங்களைத் தடத்துக்குக் கூப்பிட்டார்கள். உனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைப்பதைப் பார்க்க உன் கண்ணுக்குப் பொறுக்கவில்லையோ என்று நினைக்கிறேன். நினைத்துவிட்டு வெட்கப்படுகிறேன். வெட்கப்பட்டுவிட்டு மறுபடியும் நினைக்கிறேன்.

காலையில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகளை நாற்பது நாற்பதாக எண்ணிக் கட்டுகிறேன். ஒரு நாளும் ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேற்பார்வைக்காரி சொல்கிறாள், "நீ எண்ணினா நான் திரும்ப எண்ண வேண்டாம்டீ." உனக்காகத்தான் எழுதுகிறேன் இதை.

மத்தியானம் பட்டாளத்துத் தடத்தில் ஓடுகிறேன்.  உட்கார முடியவில்லை, அதனால் ஓடுகிறேன். ஓடும்போதெல்லாம் அந்த மூன்று சுற்றையும் மனதில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறேன். முதல் சுற்றில் உள்பக்கம் ஒரு சிவப்புத் தொப்பிக்காரி எனக்கு முன்னால் போனாள். நீ, "முட்டிய மடிடீ!" என்று கத்தினாய். எண்ணுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது, ஆனாலும் கத்தினாய். இரண்டாவதில் சிவப்புத் தொப்பி இல்லை. மறுபடியும், "முட்டிய மடி, மடி!" என்று கத்தினாய். மூன்றாவதில் உன் சத்தமே இல்லை. ஏன் இல்லை? அப்போதே என்னைக் கைவிட்டுவிட்டாயா?

கையுறையைத் திரும்ப அனுப்பத் தபால் ஆபீஸ் வரைக்கும் போனேன். கூட்டமாக இருந்தது. வந்துவிட்டேன்.

இங்கேலா


கிரான்வீக், பிப்ரவரி 3

இங்கேலா,

உன் கடிதத்தை மாட்டுக் கொட்டிலில் நின்று படித்தேன். பொறாமை என்று நீ எழுதியது எனக்கு வலிக்கவில்லை. உனக்கு எட்டு வயதில் சின்னத் துப்பாக்கியை உன் தோளில் வைத்த நாளில் கொஞ்சம் இருந்தது. பிறகு போய்விட்டது. வலித்தது வேறு ஒரு வரி. மூன்றாவதில் என் சத்தமே இல்லை என்றாயே, அது.

நான் இரண்டு தரம் கத்தினேன். அதற்குப் பிறகு கத்தவில்லை. ஏனென்றால் நான் பார்க்கவில்லை.

கேள். நீ நின்று சுடும்போது முதல் குண்டு தவறியது. சரி என்றேன். இரண்டாவதும் தவறியது. மூன்றாவதும் தவறியது. நீ சுற்றுக்கு வந்தாய். முகம் வெளுத்து, வாயோரம் எச்சில் உறைந்து, அம்மா கடைசி நாளில் இருந்த மாதிரி இருந்தாய். ஒரு கோடு போட்டேன், கத்தினேன். இன்னொரு கோடு போட்டேன், கத்தினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முகத்தைத் திருப்பி மரக்கட்டை அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுதேனா என்று கேட்காதே. மறுபடியும் திரும்பியபோது உன் முதுகுதான் தெரிந்தது, நீ காட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாய்.

அட்டையில் இரண்டு கோடு இருந்தது. மூன்று என்று இன்னொரு கோடு போட எனக்கு அரை நொடி ஆகியிருக்காது. ஆனால் பார்க்காமல் போட்டால், கூடப் பிறந்தவளுக்காகப் போட்டாள் என்று என் மனமே சொல்லும். அதனால் போடவில்லை. "தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். கிழவர் கேட்டபோது அந்த வார்த்தை என் தொண்டைவரை வந்தது. முப்பத்தெட்டு வயதுவரை நான் ஊரில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. உறுதி என்றேன்.

நேற்று விளையாட்டுச் சம்மேளனத்துக்கு இதையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். தபால் பெட்டிவரைக்கும் எவர்ட் பின்னாலேயே வந்தார்.

"போட்டுட்டியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"ஹெல்மர் கடைப் பக்கம் நான் போக மாட்டேன், சொல்லிட்டேன்."

"போகாதீங்க. காபி இல்லாம இருங்க."

மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்.

ரக்ன்ஹில்ட்


கிருனா, பிப்ரவரி 9

டோர்வால்ட் போன் செய்தார்! வீட்டுக்காரம்மா நடுராத்திரி மாதிரி கத்தினாள், மத்தியானம் மூன்று மணிதான். இரண்டு நிமிடத்தை எடுத்துவிட்டார்கள். எண்ணினவளே பார்க்கவில்லை என்று சொன்ன பிறகு தண்டனை நிற்காதாம். அணியில் நான்காம் இடம் எனக்கு! வெள்ளிக்கிழமை பயிற்சி முகாமுக்குப் போகிறேன்.

நான் சொன்னேனா இல்லையா? மூன்று என்று சொன்னேனா இல்லையா?

உன் கடிதத்தை ஐந்து முறை படித்துவிட்டேன். அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். கோபம் பாதி போயிருக்கிறது, பாதி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். சலவைக்கூடத்தில் கணக்கு முடித்துக்கொண்டேன். சறுக்குப் பலகைக்குத் தடவுகிற மெழுகு டப்பாவை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. பேனா ஓடவில்லை, நானே ஓடுகிறேன்.

இங்கேலா


கிரான்வீக், பிப்ரவரி 13

இங்கேலா,

சந்தோஷம். ரேடியோவிலும் உன் பெயர் சொன்னார்கள்.

கழகத்தில் என்னிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஹெல்மர் வீட்டு வாசல்வரை வந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.  "பதினோரு வருஷமா நீதானே எண்ணுனே. எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றான். "உனக்கு எதுக்குடா ஒரு மாதிரி இருக்கு, தப்பு பண்ணது நான். எடுத்துட்டுப் போ. பென்சில மறந்துட்டுப் போகாதே" என்றேன். ஊரில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். இரண்டு வாரத்தில் வேறு யாராவது ஏதாவது செய்வார்கள்.

நான் பார்க்கவில்லை. நீ சுற்றினவள். நீ மூன்று என்றால் மூன்று. அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன்.

ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் மெல்லிய ரொட்டியும் முகாம் முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். மற்றப் பெண்களுக்கும் கொடு, தனியாகத் தின்னாதே.

ரக்ன்ஹில்ட்


பயிற்சி முகாம், பிப்ரவரி 18

அக்கா,

"நீ மூன்று என்றால் மூன்று" என்று ஏன் எழுதினாய்? திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாகத் தின்று தூங்கியிருப்பேன்.

நீ இரண்டு என்று பிடிவாதமாக நின்றவரைக்கும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உன்னோடு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. இப்போது சண்டை போட ஆள் இல்லை. நானும் அந்தச் சுற்றும் மட்டும்தான் இருக்கிறோம்.

சிவப்புத் தொப்பி ஞாபகம் இருக்கிறது, அது ஒன்று. தொப்பி இல்லாமல் உன் குரல், அது இரண்டு. மூன்றாவதை எடுக்கக் கையை விட்டால் ஒன்றும் வரவில்லை. வெறும் வெள்ளை. சுற்றி முடித்துக் காட்டுக்குள் ஏறின ஞாபகம் வருகிறது, அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. சுற்றினதால்தான் மறந்துபோனதோ? மூச்சு முட்டும்போது பாதி மறந்துபோவது உண்டுதான். போன வருடம் ஒரு போட்டியில் எத்தனை குண்டு போட்டேன் என்பதே மறந்து, காலித் துப்பாக்கியை அழுத்திக்கொண்டு நின்றேன், உனக்குத் தெரியும்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். எல்லாரும் சாப்பிடப் போன பிறகு தடத்தில் முழு வேகத்தில் ஓடி, நின்று சுட்டு, வேண்டுமென்றே மூன்றைத் தவறவிட்டு, மூன்று சுற்றும் சுற்றினேன். மூன்றாவதில் திருப்பத்திலே தொடை தீப்பிடித்த மாதிரி எரிந்தது. காட்டு மேட்டில் ஏறும்போது கால் நடுங்கி ஒரு முறை கம்பை ஊன்றி நின்றுவிட்டேன். பிறகு இரண்டு மட்டும் சுற்றிப் பார்த்தேன். எரிவு கொஞ்சம், மேடு ஏறினேன்.

அன்றைக்கு நான் நிற்கவில்லை அக்கா. மேட்டில் இரண்டு பேரைத் தாண்டினேன். தொடை எரியவில்லை.

டோர்வால்டிடம் போய்ச் சொன்னேன். மெழுகு அறையில் ஒரு சறுக்குப் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மூணுன்னு உறுதியில்ல சார்."

"ரெண்டுன்னு உறுதியா?"

"அதுவும் இல்ல."

"எண்ணுனவளுக்கும் தெரியல. சுத்துனவளுக்கும் தெரியல. தெரியாதத வச்சு நான் யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். உன் இடத்துல வேற யாரும் காத்துட்டு நிக்கவும் இல்ல. போய்த் துப்பாக்கியத் தொடச்சு வை."

"நீங்க என் இடத்துல இருந்தா?"

"நான் உன் இடத்துல இருந்தா பேசாம இருந்திருப்பேன். நீ வந்து சொன்னே. போதும், கதவச் சாத்திட்டுப் போ, குளிர் உள்ள வருது."

போதும் என்கிறார். எனக்குப் போதவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் ஓடத் தோன்றுகிறது. நீ என்ன சொல்கிறாய்? நீதான் எப்போதும் ஏதாவது சொல்வாயே.

இங்கேலா


கிரான்வீக், பிப்ரவரி 22

இங்கேலா,

எனக்குத் தெரியாது.

பார், சொல்லிவிட்டேன். முதல் தடவை கஷ்டம், இரண்டாம் தடவை அவ்வளவு இல்லை.

எனக்காகத் திரும்பி வராதே, எனக்காக அங்கே இருக்கவும் இருக்காதே. நானும் இங்கே ஒரு இடத்தில் இருக்கிறேனா என்று கேட்டால் இல்லை. பால் கறந்த வாளியைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு வந்து வெறும் கையோடு அடுப்படியில் நிற்கிறேன். எவர்ட், "யாரத் தேடுற?" என்கிறார். அந்தக் கட்டை அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தைத்தான் தேடுகிறேன். நானும் அங்கே போய்ப் பார்த்தேன். தடம் முழுக்கப் புதுப் பனி விழுந்து மூடியிருக்கிறது.

ஒன்று மட்டும். கன்றுக்கு உன் பெயர் வைக்கலாம் என்று எவர்ட் சொன்னார். வேண்டாம் என்றேன். அது இப்போதே கட்டுத்தறியில் நிற்பதில்லை, பெயரும் வைத்தால் கேட்க வேண்டாம்.

கையுறை கையில் இருக்கிறதா?

ரக்ன்ஹில்ட்


பின்லாந்து, பிப்ரவரி 28, சாயங்காலம்

அக்கா,

சுருக்கமாக எழுதுகிறேன்.

படுத்துச் சுட்டதில் ஐந்துக்கு ஐந்து. நின்று சுட்டதில் ஒன்று தவறியது. ஒன்றே ஒன்று. ஒரு சுற்றுச் சுற்றினேன். வெளியே போகிற வழி நேர் எதிரே இருந்தது. டோர்வால்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "போ, போ, மூணாவது இடம்!" என்று கத்தினார். கால் திரும்பிவிட்டது. இன்னொரு சுற்றுச் சுற்றினேன். இருபத்தாறு நொடி.

முன்னாலேயே யோசித்து வைத்ததல்ல. அந்தத் திருப்பம் வந்தபோது, இதை விட்டுவிட்டுப் போனால் இந்தப் பனிக்காலம் முடியவே முடியாது என்று தோன்றியது.

நான்காவதாக வந்தேன். மூன்றாவது வந்தவள் என்னைவிட ஒன்பது நொடிதான் முன்னால். கழித்துப் பார்த்துக்கொள். நான் கழித்துப் பார்த்துவிட்டேன், அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதும்விட்டேன். பத்திரிகைக்காரர்கள் கேட்டார்கள், எண்ணிக்கை தப்பிவிட்டதா என்று. ஆமாம் என்றேன். டோர்வால்ட் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. என் துப்பாக்கியை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

இப்போது பசிக்கிறது. ஆறு வாரமாகப் பசித்ததே இல்லை.

இங்கேலா


கிரான்வீக், பிப்ரவரி 28

இங்கேலா,

இதைக் கிருனா முகவரிக்கு அனுப்புகிறேன். நீ அங்கே வந்து சேரும்போது இருக்கட்டும். இன்றைய போட்டியைப் பற்றி உன் கடிதம் இன்னும் வரவில்லை, வந்து எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

நம் வீட்டு ரேடியோவில் பேட்டரி தீர்ந்துபோனதால் கடைக்கே போனேன். நான்கு வாரத்துக்குப் பிறகு போகிறேன். எல்லாரும் அங்கேதான். ஒரு குண்டு தவறியது என்று சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் வெளியே வருகிறாள் என்றான் ரேடியோக்காரன். வரவில்லை. "என்ன பண்றா? திரும்பச் சுத்துறாளே! ஒண்ணுதானே தவறிச்சு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கடையில் ஆளுக்கொரு பக்கம் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஹெல்மர் மேசையைக் குத்தி, "இந்த வீட்டுல ஒருத்திக்கும் எண்ணத் தெரியாது!" என்றான். கத்தினதில் அழுகையும் இருந்தது. அவனும் நல்லவன்தான்.

"சரியாத்தான் எண்ணுறா" என்றேன்.

"ஒண்ணுக்கு ரெண்டு சுத்துறது சரியாம்மா?"

"ஒண்ணு இன்னிக்கு உள்ளது. ஒண்ணு நம்ம ஊருல விட்டது."

 ரேடியோக்காரன் உன் நேரத்தைச் சொல்லி முடித்தான். பிறகு ஹெல்மர் உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் அட்டை இருந்தது. என் முன்னால் வைத்தான்.

"மார்ச் இருபது, சின்னப் பசங்க போட்டி. கமிட்டி ஒரு முடிவு பண்ணியிருக்கு. இனிமே சுத்துல ஒருத்தர் நிக்கக் கூடாது, ரெண்டு பேரு நிக்கணும். இன்னொரு பேரு யாரு, நீயே சொல்லு."

உன் பெயரைச் சொன்னேன்.

பத்தொன்பதாம் தேதி ரயிலில் வந்துவிடு. நான் முகத்தைத் திருப்பினால் நீ பார், நீ திருப்பினால் நான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதலாம், அதற்கும் அட்டையில் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன்.

கையுறையைக் கொண்டு வா. அங்கே நின்றுகொண்டே இருக்க வேண்டும், ஓட முடியாது, ரொம்பக் குளிரும்.

அக்கா